கழலாத கட்டு

லாரி ஷெட்டில் அவருக்குக் கட்டுக்காரர் என்றுதான் பேர். அவர் கயிறு போட்டு இறுக்கிவிட்டால், எந்தப் பள்ளத்தில் இறங்கினாலும் வண்டிதான் குலுங்கும், மூட்டை அசையாது. ஊரில் முடிச்சவிக்கிகளுக்குப் பஞ்சமில்லை, முடிச்சுப் போடத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான் என்று டிரைவர்கள் கிண்டலடிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கை சேவலின் காலில் கத்தி கட்டும். அவருடைய அப்பா காலத்தில் வெற்றுக்கால் சண்டைதான். இரண்டில் ஒன்று களைத்துச் சரிய அரைநாள் ஆகும். கத்தி வந்த பிறகு, பீடியைப் பற்றவைத்து நிமிர்வதற்குள் ஒன்று செத்துக் கிடக்கும். தடை போட்டார்கள். சண்டை மைதானத்தை விட்டுப் பாழடைந்த குடோனுக்குப் பின்னால் போனது, அவ்வளவுதான். பாரபட்சம் பார்க்காதவர் என்பதால் இரண்டு தரப்புச் சேவலுக்கும் அவரையே கட்டச் சொல்வார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவருக்கென்று இருந்த ஒரே சொந்தம் தங்கை. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏண்ணா, ஒரு தடவையாவது தளர்வா கட்டேன். கத்தி கழண்டு விழுந்தா ஒரு உசுராவது பொழைக்கும்ல?"

"கை வச்சா ஒழுங்கா வைக்கணும். பொழைக்கிறது அதோட பாடு."

பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த மச்சான், தங்கையின் புருஷன், அதைக் கேட்டுச் சிரித்தான். கத்தி கட்டும்போது சேவலைப் பிடித்துக்கொள்பவன் அவன்தான்.

அடுத்த ஞாயிறு, கட்டி முடித்து, கத்தியின் தோலுறையை உருவினார். எதிர்ச்சேவல் கொக்கரித்தது. மச்சான் பிடியிலிருந்த சேவல் திமிறிக் காலை உதறியதில், கத்தி அவன் தொடையில் ஆழமாக இறங்கிவிட்டது. கட்டுக்காரர் துண்டைக் கிழித்து, தன் பலத்தையெல்லாம் கூட்டித் தொடையை இறுக்கினார். அந்தக் கட்டுக்கு ரத்தம் அடங்கவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் மச்சான் போய்விட்டான்.

"உங்க மேல ஒரு குத்தமும் இல்லண்ணே. கத்தி கடைசிவரைக்கும் இம்மியும் நகரல" என்று சேவல்காரர்கள் ஆறுதல் சொன்னார்கள். அவர்கள் செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பார்.

தங்கை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து அவள் வாசலில் நின்றார். இனி 'அண்ணா' என்று அவள் கூப்பிடவே மாட்டாளோ என்ற பயம் அவரைத் தின்றது. ஒரு சாயங்காலம் கதவு திறந்தது.

"கட்டு கழண்டுதாண்ணா?"

"இல்லம்மா."

"அவருக்காகவாவது ஒரு தடவை கழண்டிருக்கலாமே."

சொல்லிவிட்டு, அவர் உள்ளே வர வழிவிட்டு நின்றாள். அவரால் படியேற முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.