பூமரத்தடியில் விரிசல்

போன பங்குனியில் என் மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்த மறுநாள், கைநிறைய வளையலோடு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். ஊரில் ஒரு பூங்காவில், இலையே தெரியாமல் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டும் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. என்ன மரமோ, எனக்குத் தெரியாது. பிள்ளைகள் செர்ரி மரம் என்கிறார்கள்; ஜப்பான் மாதிரியே இருக்கிறதாம். மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மனைவியும் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம்.

சனிக்கிழமை மாலை. எல்லா மரமும் பூத்திருந்தது. ஓரத்து மரம் மட்டும் வெறி பிடித்ததுபோல் பூத்திருந்தது. அதன் கீழேதான் கூட்டம். மகள் அடிமரத்தில் சாய்ந்து வயிற்றின்மேல் கை வைத்து நின்றாள். மனைவி செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

கடல்காற்று ஒருமுறை பலமாக வீசியது. மரத்தடி மண் வாய்விட, தரையில் கிடந்த பூக்களில் ஒரு வரிசை மட்டும் உள்ளே இறங்கியது. காற்று நின்றதும் விரிசல் மூடிக்கொண்டது. தட்டாஞ்சாவடியில் முப்பது வருஷமாக வெல்டிங் வேலை செய்கிறேன். பற்றவைத்த இடம் விட்டுப்போவதற்கு முன் இப்படித்தான் வாயைத் திறந்து மூடும். குனிந்து பார்த்தேன். புது நடைபாதைக்காக அந்தப் பக்கத்து வேர்களை வெட்டிவிட்டுச் சிமென்ட் போட்டிருந்தார்கள்.

“வெளிய வாம்மா.”

“இருப்பா, இன்னும் ரெண்டே ரெண்டு.”

“வான்னு சொல்றேன்ல!”

என் குரல் எனக்கே பயமாக இருந்தது. மகள் கண் கலங்க நகர்ந்து வந்தாள். “புள்ளத்தாச்சிகிட்ட இப்பிடியா கத்துவீங்க?” என்றாள் மனைவி.

மகள் விட்ட இடத்தில் உடனே ஒருவர் தன் இரண்டு குழந்தைகளைக் கொண்டுபோய் நிறுத்தினார். மரம் சாயப்போகிறது என்று அவரிடம் சொன்னேன். சிரித்தார். “இவ்ளோ பெரிய மரம் சும்மா வுழுந்துடுமா சார்?”

காவலாளியைத் தேடிப் பிடித்தேன். “ஆபீஸ் பூட்டிட்டாங்க. திங்கக்கெழம வந்து எழுதிக் குடுங்க” என்றார். கையைப் பிடித்து இழுத்துவந்து, “ஒங்க கால இங்க வையுங்க” என்றேன். அடுத்த காற்றில் அவர் செருப்புக்கடியில் மண் மெல்ல எழும்பி அமர்ந்தது. அவர் முகம் மாறிவிட்டது. விசிலை எடுத்து ஊத ஆரம்பித்தார். ஆட்கள் திட்டிக்கொண்டே விலகினார்கள்.

நாங்கள் இன்னும் பூங்கா வாசலைத் தாண்டவில்லை. பின்னால் நீளமாகத் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். திரும்பியபோது மரம் தரையில் கிடந்தது. ஒரு பெஞ்சு நசுங்கியதோடு போயிற்று, யாருக்கும் அடியில்லை. சிரித்த மனிதர் இரண்டு குழந்தைகளையும் இடுப்போடு அணைத்தபடி நின்றார். மகள் என் சட்டையைப் பிடித்த பிடியை வீடு வரும்வரை விடவில்லை.

திங்கட்கிழமை எழுதிக் கொடுக்கப் போனேன். விழுந்த மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மரத்தடியில் வரிசை. சிமென்ட் பாதை அந்த மரங்களையெல்லாம் ஒட்டியே கடைசிவரை போனது. ஆபீஸில் என் மனுவை வாங்கி முத்திரை குத்தி வைத்துக்கொண்டார்கள்.

மறுபடியும் பங்குனி. பேத்தி பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். “பாப்பாவ அங்க கூட்டினு போலாம்ப்பா” என்கிறாள் மகள். நேற்று நான் மட்டும் போய்ப் பார்த்தேன். காற்றே இல்லை. அத்தனை மரமும், விழுந்த அந்த ஓரத்து மரம் போலவே, உச்சிவரை பூத்திருந்தது. கீழே ஒரு சாண் இடம் விடாமல் பூ. விரிசலைத் தேடினேன்; மண் தெரியவே இல்லை.