பாதி நோய்

தையல் கடைகளிலிருந்து சட்டைகளை வாங்கி வந்து வீட்டில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுத்தே இருபது வருடம் ஓட்டியவள். தெருவில் அவளுக்குக் காஜாக்காரி என்றே பெயர்.

அவள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. டாக்டரிடம் போனால் பாதி நோயைத்தான் சொல்ல வேண்டும். முழுதும் சொன்னால் ரத்தம், ஸ்கேன் என்று சீட்டு நீளும். புருஷன் கூடுதலாக வாய் திறந்தால் மேசைக்கு அடியில் அவன் காலை மிதிப்பாள். அவனும் "வெறும் இருமல்தான் சார்" என்று சிரித்துவிடுவான். அந்த வெறும் இருமலோடுதான் போய்ச் சேர்ந்தான்.

அவன் போன எட்டாவது மாதம், வீட்டில் துண்டு வேலை செய்கிறவர்களுக்கும் அரசாங்கக் காப்பீடு என்று அறிவித்தார்கள். வந்த அட்டையைப் புடவைகளுக்கு அடியில் திணித்து வைத்தாள். தனக்கே நெஞ்சு அடைத்தபோதும் எடுக்கக் கை வரவில்லை. நாத்தனார்தான் இழுத்து வந்தாள்.

"அடைகாத்தா கார்டு குஞ்சா பொரிக்கும்? நடங்க அண்ணி."

ஆஸ்பத்திரியில் புது அட்டைக்காரர்களின் வரிசை வாசலையும் தாண்டி நின்றது. நான்கு மணி நேரம் கழித்து உள்ளே போனார்கள்.

"என்னம்மா செய்யுது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"லேசா நெஞ்சடைப்பு. வேற ஒண்ணுமில்ல."

டாக்டர் மாத்திரை எழுதத் தொடங்கினார்.

"ரெண்டு படி ஏறினா உக்காந்துடுறீங்களே, அதை யாரு சொல்றது? பக்கத்து வீட்டுக்காரியா?" என்று சீறினாள் நாத்தனார்.

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "எல்லாத்தையும் சொல்லுங்கம்மா. எந்த டெஸ்ட் எடுத்தாலும் கார்டுலயே போயிடும்."

காஜாக்காரி கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். படி ஏறினால் இரைக்கிறது. இடது கை வலிக்கிறது. அத்தோடு நிறுத்த முடியவில்லை.

"கால் வீங்குது. மூணு தலையணை வச்சாத்தான் படுக்க முடியுது. இருமினா ரத்தம்..."

டாக்டர் வேகமாக எழுதினார். நாத்தனாரின் முகம் வெளுத்தது.

"அண்ணி, மூணு தலையணை வச்சுப் படுத்தது அண்ணன்ல? ரத்தம் வந்துச்சா அவருக்கு?"

"ஒரு வருஷம். சொல்லலாம்னுதான் ஒவ்வொரு தடவையும் வாயெடுத்தாரு. நான்தான் விடல."

நாத்தனார் அண்ணியின் தோளைப் பிடித்திருந்த கையை எடுத்தாள்.

டாக்டர் எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல உங்களது எதும்மா?" என்றார் மெதுவாக.

"படி ஏறுறது என்னது," என்று காஜாக்காரி விரல் மடக்கினாள். "கை வலி..."

அடுத்த விரல் மடங்கவில்லை. கை வலி அவனுக்கும் இருந்தது.