என் தோட்டத்தில் ஒரு தாழ்ந்த வாசல்

நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. சுரங்கத்துல வேலை பார்த்தவன் நான். பூமியோட வயித்தைக் கிழிச்சு உள்ளே பார்த்தவன், அங்கே கரிதான் இருக்கு, பேயும் இல்லை பிசாசும் இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன்.

எழுபத்தெட்டோ ஒன்பதோ இருக்கும். பர்மனென்ட் ஆகி, நெய்வேலியில குவார்ட்டர்ஸ் கிடைச்ச புதுசு. மறுநாள் திருவதிகையில எனக்குப் பொண்ணு பார்க்கப் போகணும். ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போச்சு, இதுவாவது அமையணுமேன்னு சாயங்காலமே சட்டையைத் தேய்ச்சு மாட்டிட்டுத் தோட்டத்துல நிக்கிறேன், மேளம் கேட்டுது.

எங்க பிளாக் இருக்கிற இடத்துல முன்னே ஒரு கிராமம் இருந்தது. டவுன்ஷிப் வளர வளர அந்த ஊரைக் கிளப்பிக் காடாம்புலியூர்ப் பக்கம் குடிவெச்சுட்டாங்க. ஆனா வைகாசி வந்தா அந்த ஜனங்க கரகம் எடுத்துக்கிட்டு இங்கே வந்துடுவாங்க. நம்ம ரோட்டுல போகமாட்டாங்க. இல்லாமப்போன அவங்க தெரு எப்படி வளைஞ்சுதோ அப்படியே, வேலியைத் தாண்டி, கொய்யாமரத்தைச் சுத்தி, துணிக்கொடிக்கு அடியில. அன்னிக்கும் என் தோட்டத்து நடுவுல, வெட்டவெளியில ஒரு இடம் வந்ததும் ஒவ்வொருத்தரா குனிஞ்சு நுழைஞ்சாங்க. கும்பிட்டுட்டு நானும் பின்னாலயே போனேன்.

அந்த இடத்துல முன்னே இருந்த வீடு, கூட்டத்துல வந்த சின்னப்பொண்ணுன்னு ஒரு அம்மாவோடது. "குனிஞ்சி வாங்க சார், எங்க வூட்டு வாசல் தாழ்வு"ன்னாங்க.

"வாசல் எங்கங்க இருக்கு?"ன்னு சிரிச்சுக்கிட்டே நெஞ்சை நிமிர்த்தி ஒரு நடை நடந்தேன் பாருங்க, மடார்னு நெத்தியில இடிச்சு மல்லாக்க விழுந்தேன். மேலே வானம்தான் இருந்தது. காக்கா ஒண்ணு சாவகாசமா போய்க்கிட்டிருந்தது.

"எங்க மாமனாரே தெனம் இடிச்சிக்கினு இருந்தாரு, நீங்க எம்மாத்திரம்"னு சொல்லி அந்தம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பத்து போட்டாங்க. வீக்கம் எலுமிச்சம்பழம் மாதிரி.

மறுநாள் பொண்ணோட மாமா கேட்ட முதல் கேள்வியே, "மாப்ளை எங்கியாவது வுழுந்துட்டாரா?" வாசனை பிடிக்கிற மாதிரி கிட்டத்துல வேற வந்தாரு. நான் நடந்ததை அப்படியே சொன்னேன். இதுவும் போச்சுடான்னு காப்பி டம்ளரைக் கீழே வெச்சேன்.

கதவுக்குப் பின்னால இருந்து ஒரு குரல்: "பொய் சொல்றவரா இருந்தா, இதைவிட நல்ல பொய்யா சொல்லியிருப்பாரு மாமா."

அவதான் என் பொண்டாட்டி.

அப்புறம் எத்தனையோ தடவை அந்த இடத்துல நிமிர்ந்தே நடந்தேன், வெறும் காத்துதான். இன்னிவரைக்கும் சிரிச்சுக்கிட்டே சொல்ற கதைதான் இது, ஒண்ணைத் தவிர. எங்க பையன் பேச்சு வராத வயசுலயே அந்தத் தோட்டத்துல தத்தக்கா பித்தக்கான்னு ஓடுவான். தானா ஓடும்போது அந்த இடத்துல நிமிர்ந்துதான் ஓடுவான். என் தோள்மேல உட்கார்ந்திருந்தா மட்டும், அங்கே வந்ததும், என் தலைமுடியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சுக்குவான்.