டம்டமிலிருந்து மதுரைக்கு மூன்றரை மணி நேரம்

கல்கத்தாவில் ஒருவரோடு பழக ஆரம்பித்தால் இரண்டாவது கேள்வியே, "உங்கள் தேஷ் எங்கே?" என்பதுதான். இங்கே தேஷ் என்றால் சொந்த ஊர். லேக் கார்டன்ஸில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மாளும் அதைத்தான் கேட்டார். சித்தி முறை வைத்து நான் மாசிமா என்று கூப்பிடும் அவருக்கு மதுரை என்றால் புரியவில்லை. "ஓ, மேட்ராஸ்!" என்று அவரே முடிவு செய்துகொண்டார். "ரொம்பத் தூரம், இல்லையா பாபா?" என்று அவர் பரிதாபப்பட்டது எனக்குப் பிடிக்கவில்லை. "என்ன பெரிய தூரம்? பிளேனில் மூன்றரை மணி நேரம்" என்றேன்.

அந்தக் கணக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். விமான அட்டவணையில் கல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்திலிருந்து மெட்ராஸ் இரண்டேகால் மணி, மெட்ராஸ்–மதுரை ஒன்றேகால் மணி. இரண்டையும் கூட்டினேன், அவ்வளவுதான். நடுவில் காத்துக் கிடப்பது அட்டவணையிலும் இல்லை, என் மூளையிலும் இல்லை. இத்தனைக்கும் நான் பிளேன் ஏறியதே கிடையாது. லீவுக்கு ஊர் போனதெல்லாம் ரயிலில், மூன்று நாள் புழுதியோடு. ஆனாலும் அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் பீற்றிக்கொள்வேன்: "கவலைப்படாதே. ஒரு தந்தி அடி, மூன்றரை மணி நேரத்தில் வந்து நிற்பேன்." எனக்கு மாற்றல் வந்தபோது அழுத அம்மா, அதைப் படித்துத்தான் தேறினாளாம். வெளியூரில் பிழைக்கும் நம்மில் யார்தான் இப்படிச் சொல்லாதவர்கள்?

ஒரு மத்தியானம் கார்டன் ரீச்சில் இருக்கும் என் ஆபீசுக்குத் தந்தி வந்தது. அம்மா சீரியஸ். அன்றைய பிளேனில் இடமில்லை, மறுநாள்தான் கிடைத்தது. மீனம்பாக்கத்தில் இறங்கினால் மதுரை பிளேன் போய்விட்டிருந்தது. எழும்பூருக்கு ஓடி, முன்பதிவில்லாத பெட்டியில் நின்றுகொண்டே போனேன். விடிந்து வீட்டை அடைந்தபோது வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"நேத்து சாயங்காலமே போயிருச்சுடா" என்றாள் அக்கா. "பத்து நாளாப் படுக்கைதான். தந்தி அடிக்கிறேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே? 'மூணரை மணி நேரத்துல வந்துருவான், இப்பவே எதுக்கு அவன் லீவைக் கெடுக்குறே'ன்னுருச்சு. தந்தி அடிச்சதுக்கப்புறம் மணியைக் கேட்டுக்கிட்டே கிடந்துச்சுடா. 'ஆயிருச்சா, ஆயிருச்சா'ன்னு."

ஐயோ, என் வாய்க்கொழுப்பே! மூன்று நாளாகும் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்திருந்தால் முதல் நாளே கூப்பிட்டிருப்பாள். என்னை நம்பித்தான் என்னைப் பார்க்காமல் போனாள்.

காரியம் முடிந்ததும் அம்மா இருந்த வாடகை வீட்டை ஒப்படைத்துவிட்டோம். அக்கா கணவரோடு திருச்சிக்குப் போனாள். நான் இங்கே வந்துவிட்டேன்.

இந்த வாரம் ஆபீசில் லீவுப் பயணப் படிவம் கொடுத்தார்கள். 'சொந்த ஊர்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தேன். அடுத்த மேஜை பாபு எட்டிப் பார்த்துச் சிரித்தார். "கல்கத்தா என்று எழுதிவிடாதீர்கள், மோஷாய். சொந்த ஊரிலேயே இருப்பவருக்கு ஆபீஸ் எதற்கு டிக்கெட் கொடுக்கும்?"

மதுரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜங்ஷனில் இறங்கி யார் வீட்டுக்குப் போவது என்றுதான் தெரியவில்லை.