வயிற்றுப்புண்ணுக்கு வந்த கஞ்சி

ரத்தத்தை முதலில் பார்த்தது தாராவியில், எங்கள் சந்தின் பொதுக் கழிப்பறையில். வெளியே நீண்ட வரிசை. யாரோ ஒருத்தி "ஜல்தி கரோ" என்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீரை ஊற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காதவள் மாதிரி வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. "மூலச்சூடுதான், கருணைக்கிழங்கு தின்னா சரியாப் போவும்" என்று அவரே முடிவு செய்துகொண்டார். மாதுங்கா மார்க்கெட்டில் பை நிறையக் கிழங்கு வாங்கி வருவார். அம்மா புளி விட்டு மசித்துக் கொடுப்பாள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அது மூலமே இல்லை, குடலில் கட்டி என்றார்கள். முற்றிப்போயிருந்தது. அதனால் அன்று காலையிலிருந்து எனக்கு ஒரே ஒரு கேள்விதான்: எனக்கும் அதுவா?

போய்க் காட்ட வேண்டியதுதானே என்பீர்கள். பயம் ஐயா, பயம்! டாக்டர் வாயைத் திறந்து "அதுதான்" என்று சொல்லிவிட்டால்? வீட்டுக்காரரிடம்கூட மூச்சுவிடவில்லை. ஆனால் எங்கள் சந்து ஜெபக்குழுவை நடத்தும் எதிர்வீட்டு அக்காவின் கண்ணிலிருந்து யார் தப்ப முடியும்?

"என்னட்டி, மொகம் இப்படி வெளுத்துக் கெடக்கு? வயித்துப்புண்ணா?"

ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். வேறு எந்த இடம் என்று எப்படிச் சொல்வது? அன்று சாயங்காலமே குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிட்டது: 'சகோதரியின் வயிற்றுப்புண்ணுக்காக ஊக்கமாக ஜெபிக்கவும்.'

எங்கள் குழுவில் யாரும் சும்மா வந்து ஜெபிக்க மாட்டார்கள். கையில் தூக்குச்சட்டி இருக்கும். ரவைக் கஞ்சி, ஜவ்வரிசிக் கஞ்சி, பாலில் நனைத்த பிரெட், குழைய வடித்த சோறும் தயிரும், ரஸ்க். எல்லாம் வெள்ளை வெளேரென்று. "காய்கறியத் தொட்டுராத, புண்ணக் கிளறிரும்" என்பாள் ஒருத்தி. "பழமும் வேண்டாம், புளிப்பு" என்பாள் இன்னொருத்தி. ஜெபித்துக் கொண்டுவந்த கஞ்சியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. எல்லாவற்றையும் தின்றேன்.

தண்ணீரோ முன்பே கிடையாது. நான் பில் போடும் துணிக்கடையில் கழிப்பறை இல்லை. இருட்டிய பிறகு சந்துக் கழிப்பறைக்குப் போகப் பயம். தொண்டை நனைகிற அளவுக்குத்தான் குடிப்போம். எங்கள் சந்துப் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் பழக்கம், அதை ஒரு சாமர்த்தியமாகவே நினைத்திருந்தோம்.

பிறகென்ன? கல்லாய் இறுகிவிட்டது. வரிசை கதவைத் தட்டத் தட்ட, அவசரத்தில் முக்கி முக்கி ரத்தம் இன்னும் அதிகமாயிற்று. கடையில் ஒருபக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தேன். கடவுளே, ஜெபம் கூடக்கூட ரத்தமும் கூடுகிறதே, கைவிட்டுவிட்டாயா என்று உள்ளுக்குள் அழுதேன். ஒருநாள் கடையிலேயே தலை சுற்றி விழுந்தேன். வீட்டுக்காரர் ஓடி வந்தார். அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். "கிறுக்கச்சி, இத்தன நாளா மறச்சியே!" என்று திட்டிக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார்.

விரல் விட்டுப் பார்த்தார்கள். அப்பா கதையைச் சொன்னதும், கேமரா விட்டும் பார்க்க வேண்டும் என்றார்கள். பார்த்து முடித்து டாக்டரம்மா கூப்பிடும்வரை அந்த பெஞ்சில் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

மூலம்தான். வேறு ஒன்றும் இல்லை.

டாக்டரம்மா மராட்டிக்காரர். என்ன சாப்பிடுகிறாய் என்று இந்தியில் கேட்டார். கஞ்சி வகைகளை வரிசையாகச் சொன்னேன். சிரித்துவிட்டார். தண்ணீர் எவ்வளவு என்று கேட்டார். ஏன் குடிப்பதில்லை என்று நான் சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. நார் இல்லாத சாப்பாடு, தண்ணீர் இல்லாத உடம்பு, முக்கல், இவை மூன்றும் சேர்ந்துதான் இந்தப் பாடு என்றார். கீரை, காய், பழம், பயறு, கம்பு ரொட்டி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், ஒரேயடியாக அள்ளிப் போட்டால் வயிறு ஊதும்; தண்ணீர் குடிக்காமல் நாரை மட்டும் தின்றால் பிரயோசனமில்லை என்றார்.

கம்பு ரொட்டி, முளைகட்டிய பயறு, பப்பாளி, பீர்க்கங்காய் என்று மாறினேன். கடைக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனேன். பக்கத்து ஓட்டல்காரரிடம் கெஞ்சி அவர்கள் கழிப்பறைக்குப் போய்வந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. மெதுமெதுவாக மலம் இளகியது. ரத்தமும் நின்றது. ஆனாலும் தினமும் காலையில் குனிந்து பார்க்காமல் தண்ணீர் ஊற்றியதில்லை.

அடுத்த ஜெபக்கூட்டத்தில் அக்கா, "சொகமான சாட்சியச் சொல்லுட்டி" என்றாள். எழுந்து நின்றேன். "எனக்கு வயித்துப்புண்ணே இல்ல. மூலம்" என்றேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "ஐயோ, மெதுவாப் பேசுளா, ஆம்பளைய காதுல விழும்" என்றது ஒரு குரல். நான் நிறுத்தவில்லை. ரத்தம், கஞ்சி, குடிக்காத தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்லச் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒருத்தி எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

எல்லோரும் கலைந்த பிறகு அக்கா என்னைக் கதவோரம் இழுத்தாள்.

"ஏட்டி, எனக்கும் ரத்தம் போவுது. கிறிஸ்மஸுக்கு முந்தியே புடிச்சு. மூலந்தான் போலருக்கு. பப்பாளி தின்னாச் சரியாப் போவும்லா?"

அப்பாவின் குரலேதான்.

"பப்பாளி பொறவு தின்னலாம்க்கா. மொதல்ல அது மூலந்தானான்னு டாக்டர் பாத்துச் சொல்லட்டும். நாளைக்கு நான் லீவு போடுதேன், ரெண்டு பேரும் போவோம்."

அக்கா வாசலை எட்டிப் பார்த்தாள். குரல் இன்னும் தணிந்தது.

"யாரும் கேட்டா வயித்துப்புண்ணுன்னு சொல்லிருவமா?"

"சொல்லாதீங்கக்கா. கஞ்சி வந்துரும்."

அக்கா சிரிக்கவில்லை. என் தலையில் வைத்து ஜெபித்த அந்தக் கையை என் பக்கம் நீட்டினாள். அதைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.