படம் அனுப்பாதவர்கள்

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை என் நாத்தனாருக்கு இன்றுவரை விளங்க வைக்க முடியவில்லை. "மான் கணக்கு பாக்கேன் மதினி" என்றால், "மிருகக்காட்சி சாலையிலயா?" என்பார். "இல்ல, வேட்டையில சுட்ட மான்" என்றால் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார். முட்டை பட்ட கரண்டியைக்கூட அடுக்களைக்குள் விடாத சைவக் குடும்பம் எங்களுடையது. அங்கே வாழ்க்கைப்பட்டவள் பஹ்ரைனில், குதைபியாவில், ஒரு சலூனுக்கு மேலே இருக்கும் அலுவலகத்தில் உட்கார்ந்து, எந்த நாட்டுக்குப் போனவர்களுக்கு எத்தனை மான் கிடைத்தது என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மானைச் சுடுவது சரியா தப்பா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. எண்ணச் சொன்னார்கள், எண்ணுகிறேன். எண்ணுவதென்றால் ஒழுங்காக எண்ண வேண்டும்.

எங்களுடையது வேட்டைப் பயண ஏஜென்சி. கெளுத்தி மீனுக்கும் விலாங்குக்கும் வித்தியாசம் தெரியாத எனக்கு அங்கே வேலை கொடுத்தவர் ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். எல்லோருக்கும் அவர் பாய், எனக்கும் பாய்தான். இங்குள்ள வசதியான அரபிகளை அவர் மூன்று இடங்களுக்கு மான் வேட்டைக்கு அனுப்புகிறார்: ஹங்கேரியில் ஒரு காடு, நியூசிலாந்தில் வேலி போட்ட ஒரு பெரிய பண்ணை, போன வருஷம் புதிதாகச் சேர்ந்த ஒரு மலைநாடு. சீசன் முடிந்ததும் நான் போனவர்களிடம் விசாரித்து மூன்று இடங்களையும் ஒப்பிட்டு ஒரு தாள் தயாரிக்க வேண்டும். அடுத்த சீசனுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் இடம் முடிவு செய்வார்கள்.

ஒப்பிடுவது லேசான காரியம் என்று நினைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓர் இடத்தில் நிறைய மான் விழுந்தது என்பதால் அது நல்ல இடம் ஆகிவிடாது. நிறையப் பேர் போயிருப்பார்கள், அவ்வளவுதான். போனவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். அதிலும் வேலிக்குள் சுட்டவரையும், மலையில் ஒரு வாரம் மழையில் நனைந்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமே இல்லை. இதையெல்லாம் தாளின் அடியில் எழுதுவேன். பாய் அதைச் சின்ன எழுத்தில் போடச் சொல்வார். நான் பெரிய எழுத்தில் போடுவேன்.

இந்த முறை சண்டை வேறு மாதிரி வந்தது. மலைநாட்டுக்காரர்கள் கமிஷன் அதிகம் தருகிறார்கள். அதனால் மலை முதலிடத்தில் வர வேண்டும் என்று பாய்க்கு ஆசை. அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார்.

"தங்கச்சி, யாரு யாரு படம் அனுப்பிருக்காகளோ அவுகள மட்டும் எண்ணு. மத்தவுக போனாகளா, தூங்குனாகளான்னு நமக்கு என்ன தெரியும்?"

மான் கிடைத்தவர் அந்த இடத்திலேயே அதன் கொம்பைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்து எங்களுக்கு அனுப்பிவிடுவார். கிடைக்காதவர் அனுப்ப மாட்டார். போன் செய்தாலும் எடுக்க மாட்டார். படம் அனுப்பியவர்களை மட்டும் எண்ணினால் எந்த நாடானாலும் எல்லோருக்கும் மான் கிடைத்ததாகத்தான் வரும். மூன்றும் சமம் என்றாகிவிட்டால் மலையை முதலில் போட்டுக்கொள்ளலாம்.

நான் படித்த ஊரில் ஒரு பள்ளிக்கூட வாசலில் வருஷா வருஷம் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று போர்டு வைப்பார்கள். பரீட்சைக்கு முன்னாலேயே சுமாராகப் படிக்கிற பிள்ளைகளை டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களில் யார் தோற்பார்? பாயிடம் இதைச் சொன்னேன்.

"நம்ம என்ன பள்ளிக்கூடமா நடத்துறோம்?" என்றார்.

"இல்ல பாய். அதனாலதான் நமக்கு அந்தப் புத்தி வேண்டாங்கேன்."

அவர் சிரிக்கவில்லை. மேஜை மேல் என் விசா புதுப்பிக்கும் தாள்கள் கிடந்தன. அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "மொதல்ல அந்தக் கணக்குத் தாள முடி. இத அப்புறம் பாப்போம்" என்றார். மிரட்டல் என்று நாளைக்குச் சொல்ல முடியாதபடி, மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குப் புரிந்தது. என் மகள் இங்கே பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், என் விசாவில்தான் இருக்கிறாள். அவளுடைய பரீட்சைக்கு முன்பே என் விசா முடிகிறது.

விசா போனால் ஊரில் என்ன சொல்வார்கள் என்றும் எனக்குத் தெரியும். 'லீவுல வந்திருக்கா' என்பார்கள். என் கணவர் ஓமானில், சோஹாரில், ஒரு தொழிற்சாலையில் இருந்தார். ஆட்குறைப்பில் வேலை போய் ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. பாளையங்கோட்டையில் அவருடைய அக்கா வீட்டு மாடியில் இருக்கிறார். கேட்பவர்களுக்கெல்லாம் என் நாத்தனார் "தம்பி லாங் லீவுல வந்திருக்கான்" என்கிறார். எந்தக் கம்பெனி இரண்டு வருஷம் லீவு கொடுக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் தங்கள் வீட்டு லீவுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்குமே.

படம் அனுப்பாத ஒவ்வொருவருக்கும் நான் போன் போட்டேன். பலர் எடுக்கவில்லை. எடுத்தவர்களில் சிலர், "பிஸி, அப்புறம்" என்று வைத்துவிட்டார்கள். மலைக்குப் போன ஒரு பெரியவர் மட்டும் விடாமல் பேசினார். அரபியும் இங்கிலீஷும் கலந்த பேச்சு. போன நாளிலிருந்து மழையாம். அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டதாம். கடைசி நாள் ஒரு மான் எதிரே வந்து நின்றிருக்கிறது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் போய்விட்டது. சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "இதை இதுவரை யாருமே கேட்கவில்லை" என்றார். வந்த படங்களையும் போனில் கேட்டதையும் வைத்துப் பார்த்தால், மலைக்குப் போனவர்களில் மூன்றில் ஒருவருக்குக்கூட மான் கிடைக்கவில்லை என்பது அந்த வாரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அதை அப்படியே தாளில் ஏற்றிப் பாயிடம் கொடுத்தேன். அவர் படிக்காமலே மடித்து டிராயரில் போட்டுவிட்டு, தானே வேறொரு தாள் அடித்துக்கொண்டார். அவர் தாளில் மலைநாடு முதலிடத்தில், 'போன அனைவருக்கும் மான்' என்ற வரியோடு நின்றது.

அடுத்த வாரம் அந்தப் பெரியவரே தன் மகனோடு படியேறி வந்தார். இந்த முறை மகனை அனுப்பப் போகிறாராம். பாய் காவா என்ற அரபிக் காப்பியை ஊற்றிக் கொடுத்து, பேரீச்சம்பழத் தட்டை நகர்த்திவிட்டு, தன் தாளைப் பெருமையோடு நீட்டினார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். மலைநாட்டு வரிக்கு வந்ததும் விரலை அதன் மேல் வைத்தார்.

"எல்லோருக்கும் கிடைத்ததா?" என்று கேட்டார். "அப்படியானால் இதில் நான் எங்கே?"

பாயின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. ஒரு நொடிதான். உடனே என் பக்கம் கையைக் காட்டி, "டைப்பிங் மிஸ்டேக். இந்தப் பெண் செய்தது" என்று இங்கிலீஷில் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஆமாம் என்று நான் தலையை ஆட்டினால் போதும், அவர் தப்பித்துவிடுவார், என் விசாத் தாள்களிலும் கையெழுத்து விழும். மகளின் பரீட்சை எனக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஆனால் செய்யாத தப்பை என் தலையில் கட்டினால் நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். சின்ன வயதில் என் அப்பா அப்படிக் கட்டியபோதே வாங்கிக்கொள்ளாதவள் நான்.

"மிஸ்டேக் இல்லை" என்றேன். "நான் அடித்த தாள் வேறு. அதில் நீங்கள் இருக்கிறீர்கள்."

எழுந்து போய்ப் பாயின் டிராயரைத் திறந்து என் தாளை எடுத்துப் பெரியவர் முன்னால் வைத்தேன். பாய் தமிழில், "தங்கச்சி, போயி உக்காரு" என்று பல்லைக் கடித்தார். நான் நின்றுகொண்டேதான் இருந்தேன்.

பெரியவர் படித்துவிட்டு மகனிடம் கொடுத்தார். மகன் மூன்று இடங்களையும் பார்த்தான். வேலி போட்ட பண்ணைக்கு எதிரே எல்லோருக்கும் கிடைத்தது என்று நானே எழுதியிருந்தேன், அடியில் பெரிய எழுத்தில் வேலியைப் பற்றியும். "வேலிக்குள் நிற்பதைச் சுட நான் எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்? இங்கேயே ஆட்டுச் சந்தைக்குப் போகலாமே" என்றான். தகப்பனைத் தோற்கடித்த மலைக்கே டிக்கெட் போடச் சொன்னான். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கிடைப்பது அரிது என்று தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான் என்றான்.

பாய்க்கு அவர் ஆசைப்பட்ட மலையே விற்றது. அதனால் நான் செய்தது சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவர்கள் இரண்டு பேரும் எழுந்து போயிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அவர்கள் இறங்கிப் போனதும் பாய் காவாக் கோப்பைகளை எடுத்து வைத்தார். பிறகு நான்தான் கேட்டேன். "பாய், ரியாத்துல கடை போட்டு மூடிட்டு வந்தேன்னு நீங்களே சொல்லிருக்கீங்க. அந்த வருஷம் உங்க ஊர்ல சவூதி போயி நல்லா வந்தவங்கள எண்ணினப்போ, உங்கள எந்தக் கணக்குல வச்சாங்க?"

"கலாஸ்! போதும்" என்றார். குரலில் சூடு இல்லை. இரண்டு நாள் கழித்து, என் முகத்தைப் பார்க்காமலே விசாத் தாள்களில் கையெழுத்துப் போட்டு மேஜையில் தள்ளினார். "அடுத்த சீசனும் நீயே எண்ணித் தொலை" என்றார்.

அன்று சாயங்காலம் நாத்தனாரிடமிருந்து போன். அவருடைய மகன் படிப்பை முடித்துவிட்டான், எந்த நாட்டுக்கு அனுப்பலாம் என்று என்னிடம் கேட்டார். "பஹ்ரைனா, குவைத்தா, துபாயா? நீதான் கணக்கு பாக்கவளாச்சே." அவரே எண்ணவும் ஆரம்பித்துவிட்டார். பெரியப்பா மகன் துபாயில் ஃப்ளாட் வாங்கியாயிற்று. சித்தி மருமகன் குவைத்தில், மங்காஃபில், குடும்பத்தோடு இருக்கிறார். நான் இங்கே. "நம்ம குடும்பத்துல போனவுக எல்லாரும் நல்லாத்தான் இருக்காக" என்று முடித்தார்.

எல்லோரும்! அந்த வாரத்தில் இரண்டாவது முறையாக நான் எழுந்து நின்றேன்.

"மதினி, ஒருத்தர விட்டுட்டிய. ஒங்க தம்பி."

"அவன் லீவுல..." என்று ஆரம்பித்தார்.

"லீவு இல்ல மதினி. அவுகளுக்கு வேலை போயிட்டு. ஒங்க மகன் பொறப்படுததுக்கு முந்தி அதையும் தெரிஞ்சுக்கிடட்டும். கிடைச்சவங்கள மட்டும் காட்டி ஒரு பிள்ளைய ஏத்தி விடாதிய."

போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. மாடியிலிருந்து சாப்பிட இறங்கி வந்திருந்த என் கணவரின் குரல், இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரிடமும் எதையும் கேட்காத குரல், கேட்டது.

"அக்கா, மறுபடி மொதல்லருந்து எண்ணு. இந்தத் தடவ என்னையும் சேத்து எண்ணு."