பொம்பிளை விசாரிக்க வந்தவர்கள்

பிள்ளைகளே, பக்கத்து வீட்டு மாமி ஏன் இப்போது வருவதில்லை என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் வேறு கதை சொல்லிச் சமாளித்தேன். மூத்தவளே, ரியூசன் முடிந்து நீ பஸ்ஸால் இறங்கும் இடத்தில் நான் ஏன் சைக்கிளோடு வந்து நிற்கிறேன் என்றும் உனக்குச் சொல்லவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

நான் வயல் செய்கிறவன். அதோடு பத்திரிகைக்குச் செய்தியும் அனுப்புகிறவன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது; என் செய்தியில் அலங்காரம் இராது. ஆமி முள்ளுக்கம்பி அடித்து வைத்திருக்கும் தங்கள் காணியைத் திருப்பிக் கேட்டு, தெருவோரத்தில் தறப்பாள் கட்டிச் சில அம்மாமார் இருந்தார்கள். ஆரம்பத்தில் கமராக்காரர் பலர் வந்தார்கள். பிறகு நான் மட்டும்தான் போனேன். “நீயும் வராட்டி நாங்கள் இதில இருக்கிறது ஆருக்கு மோனை தெரியும்?” என்று ஒரு அம்மா கேட்டார்.

அன்றும் அங்கே படம் எடுத்துக்கொண்டு பின்னேரம் வீட்டுக்கு வந்திருந்தேன். இரண்டு வளவுக்கும் நடுவில் போய்வர நாங்கள் விட்டிருந்த வேலிப் பொட்டுக்குள்ளால் பக்கத்து வீட்டு அக்கா, நீங்கள் மாமி என்கிறவர், குனிந்து வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“தம்பி, எனக்குச் சீனி போட்ட தேத்தண்ணி தரவேணும். மூத்தவளுக்கு இடம் ஒண்டு வந்திருக்கு.”

“அவள் இன்னும் படிக்கிறாளே அக்கா. ஆர் வந்தது?”

“ரெண்டு பேர், மோட்டச்சைக்கிள்ள. மாப்பிள்ளை வீட்டார் எண்டு சொல்லேல்லை. பொம்பிளை விசாரிக்க வாறவை நேர சொல்லுவினமே? நான் விளங்கிக்கொண்டன்.”

“என்ன கேட்டவை?”

“எல்லாந்தான். நீங்கள் எங்கை போறனீங்கள், வீட்டை ஆர் வந்து போறவை, வெளிநாட்டில ஆர் இருக்கினம். ஆ, சீதனத்துக்கு அடிபோடுறாங்கள் எண்டு நினைச்சு, ‘ஒருத்தரும் இல்லை, ஆனா பிள்ளை தங்கம்’ எண்டு சொல்லிப்போட்டன்.” அக்கா தன் கெட்டித்தனத்துக்குத் தானே சிரித்தார். “அவையின்ர போனில உங்கட படமும் இருக்கு. அந்தத் தறப்பாளடியில கமராவோட நிக்கிறியள். மாமனாரைப் பாத்திட்டினம், இனிப் பொம்பிளையைத்தானே பாக்கவேணும்? எந்த பஸ்ஸில வாறவள் எண்டு கேட்டவை. சொன்னனான்.”

குசினிக்குள் கரண்டிச் சத்தம் நின்றது. உங்கள் அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

வந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார் இல்லை, புலனாய்வுக்காரர் என்று நான் அக்காவுக்குச் சொன்னேன். “ஐயோ, நான் தேத்தண்ணியும் குடுத்தனான் தம்பி,” என்றார். பிறகு பொட்டுக்குள்ளால் திரும்பிப் போனார்.

“இந்தமுறை படங்களை அனுப்பாதேங்கோ,” என்றார் உங்கள் அம்மா. “பிள்ளை வாற பஸ் அவங்களுக்குத் தெரியும்.”

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் தரிப்புக்குப் போனேன். நீ இறங்கி, “என்னப்பா, பெட்டையள் சிரிக்கினம்,” என்று சினந்தாய். உன்னை வீட்டில் விட்டபின் படங்களை அனுப்பினேன். பயம் இல்லாமல் அனுப்பவில்லை. தறப்பாளடியில் அந்த அம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் வேறு பதில் இருக்கவில்லை.

அந்தக் கிழமைக்குள் அக்காவின் புருஷன் பொட்டைக் கிளுவந்தடிக் கதியால்கள் நட்டு அடைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, “மாடு பூருது,” என்றார். எங்கள் இரண்டு வீட்டிலும் மாடு இல்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தேநீர்க் கடையிலும் இப்போது நான் இருக்கும் வாங்கில் இடம் மிச்சமாகத்தான் கிடக்கிறது. ஊரில் யாரும் என்னை ஏசவில்லை. கதைக்கவும் இல்லை, அவ்வளவுதான். சம்பந்தம் என்று நினைத்து அக்கா சிரித்த சிரிப்புத்தான் எங்கள் வளவுக்குள் கடைசியாக வந்த அயலவர் சிரிப்பு.

மழை பெய்து வெளித்த ஒரு காலை, நீங்கள் பள்ளிக்கூடம் போனபின், மண்வெட்டியோடு வேலியடிக்குப் போனேன். கதியால்கள் துளிர்த்திருந்தன. நடந்து நடந்து வெறுமையாய்க் கிடந்த ஒற்றையடித் தடத்தைப் புல் மூடத் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்துப் புல்லை வேலி வரைக்கும் செருக்கி எடுத்து, தடம் தெரிய விட்டுவிட்டு வந்தேன்.